பேர் போடாத குறிப்பு

தளவாய்புரத்துத் தெருக்களில் நடந்தால் முதலில் காதில் விழுவது தையல் மிஷின் சத்தம். நைட்டி, உள்பாவாடை என்று இங்கேயும் பக்கத்து முகவூர், செட்டியார்பட்டியிலும் தைத்துக் கட்டும் பண்டல்கள் கேரளம் வரை லாரி ஏறிப் போகின்றன. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் பேசும்போதும் கை நிற்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா ராத்திரி எட்டரைக்கு மிஷினை நிறுத்துவார். மடியில் ஒட்டிய நூலைத் தட்டிவிட்டுப் போனை எடுப்பார். வாட்ஸ்அப்பில் சபைப் பெண்களின் குழுவுக்கு அன்றைய ஜெபக்குறிப்பு வந்திருக்கும். ஒரு நாள் அதை வாசித்துக் காட்டினார். நாலே வரி. சகோதரி ஆர். வட ஆப்பிரிக்கப் பக்கம் ஒரு நாடு. விசா புதுப்பிக்க வேண்டும். அந்த ஊர்ப் பாஷை இன்னும் வாயில் வரவில்லை. முதுகுவலி.

"யாருக்கா இந்த ஆர்?"

"தெரியாதுப்பா. பேரு போட மாட்டாங்க. போட்டா அந்தப் பிள்ளைக்கு அங்க சங்கடமாயிரும்."

"பேரே தெரியாம எப்படி ஜெபம் பண்ணுவீங்க?"

"அவருக்குத் தெரியும்ல" என்று கூரையைக் காட்டிவிட்டு முட்டங்கால் போட்டார்.

நான் அந்தச் சபைக்காரன் இல்லை. ஆண்டாள் பிறந்த ஊர்ப் பக்கத்துக்காரன். பெண்கள் விடிகாலையில் கூடி ஒரே குரலில் வேண்டுவது எனக்குப் புதிதும் இல்லை. புதிதாகப் பட்டது அந்த நாலு வரிதான். எங்கோ இருக்கும் ஒருத்தியின் முதுகுவலி எப்படி ஒரு தாளில் ஏறி, எந்தெந்தக் கைகள் மாறி, ஒரு நைட்டிப் பண்டலுக்குப் பக்கத்தில் வந்து இறங்குகிறது? அந்தக் குறிப்புக்கு ஒரு வரலாறு இருக்கத்தானே வேண்டும் என்று தேடப் போனேன். அது நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் இதே மண்ணிலிருந்து புறப்பட்டுப் போனது, இப்போது திசை மாறித் திரும்பி வந்திருக்கிறது என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆச்சரியமாகவே இருந்தது.

இந்தப் பகுதியை அன்று வடதிருநெல்வேலி என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் திருநெல்வேலி மாவட்டத்தை விட்டு ராமநாதபுரத்தோடு சேர்ந்தது 1910-ல்தான். 1854-ல் சர்ச் மிஷனெரி சொசைட்டியைச் (சி.எம்.எஸ்.) சேர்ந்த தாமஸ் ராக்லாண்டு என்ற கேம்பிரிட்ஜ் கணிதக்காரர் சிவகாசியை மையமாக வைத்துக்கொண்டு இந்தக் கரிசல் காட்டில் கூடாரம் தூக்கி அலைய ஆரம்பித்தார். பங்களா கட்டி உட்கார மாட்டேன், ஊர் ஊராய்ப் போவேன் என்பது அவர் தீர்மானம். டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்கள் கூடவே வந்தார்கள். தெற்குத் திருநெல்வேலிச் சபைகள் தங்கள் செலவிலேயே தமிழ் உபதேசியார்களை முறை வைத்து வடக்கே அனுப்பின. அப்படியானால் வடக்கே போனவர்களுக்காகத் தெற்கே ஜெபம் நடந்திருக்கும். அது ஆங்கிலப் பத்திரிகைகளில் ஏறியதாகத் தெரியவில்லை. ஏறியது ராக்லாண்டின் கடிதங்கள்.

கூடாரத்தில் விளக்கு வெளிச்சத்தில் எழுதிய கடிதம் மாட்டு வண்டியிலும் தபால்காரன் தோளிலுமாகச் சென்னைக்குப் போகும். அங்கிருந்து கப்பலில் சூயஸ். கால்வாய் வெட்டி முடிந்தது 1869-ல்தான் என்பதால் எகிப்தைத் தரை வழியே கடந்து, மறுபடி கப்பலேறி லண்டன். ஏறக்குறைய ஒன்றரை மாதம். அங்கே ஒருவர் உட்கார்ந்து வெட்டித் திருத்தி அச்சுக்குக் கொடுப்பார். இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்தில் ஏதோ ஒரு பெண்மணி தேநீருக்குப் பிறகு அதை எடுத்து வாசித்து, முழங்காலில் நிற்பார். சாத்தூர், சங்கரன்கோவில் என்ற பெயர்களை அவர் நாக்கு எப்படி உருட்டியிருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

1858 அக்டோபர் 22-ந் தேதி ராக்லாண்டு சிவகாசியில் இறந்துபோனார். வயது நாற்பத்து மூன்று. தந்திக்கம்பி இந்தியாவையும் இங்கிலாந்தையும் இன்னும் இணைத்திருக்கவில்லை. அந்தச் சேதி கடல் கடந்து போகிற வாரங்களிலெல்லாம் அங்கே அவருடைய சுகத்துக்காக ஜெபம் நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். இங்கே மண் போட்டு மூடியாயிற்று, அங்கே நோய் குணமாக வேண்டும் என்று மன்றாட்டு. பழைய ஜெபக்குறிப்பு ஒவ்வொன்றுக்கும் இந்த ஊனம் உண்டு. கடிதம் எழுதிய நேரம் வேறு, அது வாசிக்கப்படும் நேரம் வேறு. நட்சத்திரத்திலிருந்து வரும் வெளிச்சம் மாதிரி, பார்க்கிறபோது அந்த நட்சத்திரம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

ராக்லாண்டுக்கு முன்னால் சென்னையில் சி.எம்.எஸ். செயலாளராக இருந்தவர் ஜான் டக்கர். அவருடைய சகோதரி சாரா டக்கர். பாளையங்கோட்டைப் பக்கம் போனால் சாரா டக்கர் கல்லூரியில் படித்த அத்தையோ சித்தியோ இல்லாத கிறிஸ்தவக் குடும்பம் அரிது. ஆனால் சாரா டக்கர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. திருநெல்வேலி மண்ணை மிதித்ததே இல்லை. சகோதரர் எழுதும் கடிதங்களும் மிஷன் அறிக்கைகளும்தான் அவருக்கு இந்தியா. அவற்றை வைத்துக்கொண்டு 1840-களில் தென்னிந்திய மிஷன்களைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். பிறகு ஆப்பிரிக்காவின் அபியோகுத்தாவைப் பற்றியும் எழுதினார். அங்கும் போனதில்லை. போகாத ஊருக்கு வழி சொன்னவர் என்று யாராவது கேலி பேசலாம். நான் பேச மாட்டேன். மிஷனெரிக்காக ஜெபிக்கிறவர்களுக்கு எதைக் கையில் கொடுக்க வேண்டும் என்று முதலில் கண்டுபிடித்தவர்களில் அவர் ஒருவர். பொத்தாம் பொதுவாக 'இந்தியாவுக்காக' என்று சொன்னால் மனம் ஒட்டாது. ஊர்ப்பெயர், ஆள், ஒரு பள்ளிக்கூடத்தின் ஓலைக் கூரை, ஒரு சிறுமியின் காய்ச்சல் என்று சொன்னால் ஒட்டும். அவர் இறந்த பிறகு தோழிகள் திரட்டிய நிதியில்தான் பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளி அவர் பெயரைத் தாங்கியது. 1895-ல் கல்லூரியும் வந்தது.

அந்தக் காலத்தில் குறிப்புகளில் ஆண்கள் பெயரே நிறைந்திருக்கும். மிஷனெரியின் மனைவி என்றால் 'திருமதி இன்னார்' என்று ஒரு வால் மட்டும். பள்ளி நடத்துவது, மருந்து கொடுப்பது, பிரசவம் பார்ப்பது எல்லாம் அந்த வால்தான். இந்தியாவில் மேல்தட்டுக் குடும்பத்துப் பெண்கள் இருக்கும் உள்கட்டுக்குள் வெள்ளைக்கார ஆண் கால் வைக்க முடியாது என்ற நடைமுறை உண்மை உறைத்த பிறகுதான் மணமாகாத பெண்களைத் தனியே கப்பலேற்றும் சங்கங்கள் தோன்றின. உள்கட்டைக் குறிக்கும் வடக்கத்தி ஜெனானா என்ற சொல் அப்படி லண்டன் அலுவலகங்களுக்குள் நுழைந்தது. 1852-ல் ஒரு சங்கம், அதிலிருந்து பிரிந்து 1880-ல் இங்கிலாந்து திருச்சபையின் ஜெனானா மிஷனெரிச் சங்கம். பத்திரிகையும் வந்தது. மாதத்தின் எந்தத் தேதியில் எந்த இடத்துக்காக ஜெபிப்பது என்று அட்டவணையும் வந்தது. ஒரு தேதிக்கு ஓர் ஊர். மிட்டாய்க் கடைக் காலண்டரில் நல்ல நேரம் பார்ப்பதைப்போல அவர்கள் அந்தத் தாளைப் பார்த்து, இன்றைக்குப் பாளையங்கோட்டை, நாளைக்கு அமிர்தசரஸ் என்று ஜெபித்தார்கள்.

இந்த இடத்தில்தான் குறிப்பின் குணமும் மாற ஆரம்பித்தது. குறிப்பை நம்பித்தான் காணிக்கை. காணிக்கையை நம்பித்தான் ஊழியம். அப்புறம் குறிப்பில் கெட்ட சேதி எழுத யாருக்குத் துணிச்சல் வரும்? நாலு பேர் மனம் திரும்பினார்கள் என்பது வரும். நாற்பது வீட்டில் கதவைச் சாத்தினார்கள் என்பது வராது.

அந்த வழக்கத்தை முறித்தவர் ஏமி கார்மைக்கேல். அயர்லாந்தில் 1867-ல் பிறந்தவர். ஜப்பானில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1895-ல் அந்த ஜெனானா சங்கத்தின் வழியாகப் பெங்களூருக்கு வந்து, பிறகு திருநெல்வேலியில் பண்ணைவிளைக்குப் போனார். தமிழ் படித்தார், சேலை கட்டினார், மாட்டு வண்டியில் ஊர் சுற்றினார். கண்டதை வீட்டுக்கு எழுதினார். கதவு திறக்காத வீடுகள், கோயிலுக்கு விடப்படும் குழந்தைகள், கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதி, தன்னுடைய தோல்விகள், எல்லாம். புத்தகமாக்கலாம் என்று கையெழுத்துப் பிரதி இங்கிலாந்துக்குப் போனது. இவ்வளவு சோர்வாக இருக்கிறதே, கொஞ்சம் உற்சாகமாக மாற்றித் தரக்கூடாதா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் மாற்றவில்லை, எடுத்து உள்ளே வைத்துவிட்டார். நண்பர்கள் தலையிட்டு 1903-ல் 'திங்ஸ் ஆஸ் தே ஆர்' வெளிவந்தது. உள்ளது உள்ளபடி என்று அர்த்தம். பொய்த் தகவலை வைத்துக்கொண்டு செய்கிற ஜெபம் யாருக்கு உதவும் என்ற கேள்வி அந்தப் புத்தகத்தின் அடியில் கிடக்கிறது. ஏமி பெயருடன் இன்று எத்தனையோ புகழுரைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. என்னைக் கேட்டால், அந்தப் பிரதியைத் திருத்தாமல் வைத்திருந்ததுதான் அவர் செய்த பெரிய காரியங்களில் ஒன்று.

1901-ல் அதே திருநெல்வேலியில் டோனாவூருக்குப் போனவர் அங்கேயே இருந்துவிட்டார். 1895-க்குப் பிறகு ஒரு முறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. 1931-ல் கீழே விழுந்து அடிபட்டு, கிட்டத்தட்ட இருபது வருஷம் அறையோடு முடங்கி, 1951 ஜனவரியில் காலமானார். கல்லறையில் பெயர்க்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் அம்மா என்ற பொருளில் ஒரே ஒரு சொல்.

அந்தச் சொல்லைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு வேறு பெயர்கள் நினைவுக்கு வருகின்றன. நினைவுக்கு வராத பெயர்கள் என்று சொல்ல வேண்டும். ஏமி வண்டியில் போகும்போது கூடவே தமிழ்ப் பெண்கள் போனார்கள். கதவைத் தட்டியது அவர்கள். உள்ளேயிருந்து வசவு வந்தபோது வாங்கிக்கொண்டதும் அவர்கள். வெள்ளைக்காரப் பெண் ஊழியத்துக்குப் போனால் அது வீரம், பத்திரிகைச் செய்தி. நம் ஊர்ப் பெண் வீட்டை விட்டு, நகையைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருத்தெருவாகப் போனால் அது ஊர் வாய்க்குத் தீனி. அப்படிப் போனவர்களில் பொன்னம்மாள் ஒருவர். இளம் விதவை. டோனாவூரில் ஏமி எடுத்து வளர்த்த கைக்குழந்தைகளின் பொறுப்பைச் சுமந்தவர். 1915-ல் இறந்தார். ஏமியே அவரைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதி 1918-ல் வெளியிட்டதால் நமக்கு அவர் பெயர் தெரிகிறது. மற்றவர்கள்?

மதுரையில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த இவா சுவிஃப்ட் 1892-ல் பெண்களுக்கென்றே ஒரு வேதாகமப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அதிலிருந்து வெளியே வந்தவர்களை வேதாகம ஸ்திரீ என்பார்கள். இந்த வட்டாரத்துப் பழைய சபைகளில் கிழவிமார்களைக் கேட்டால் பைபிள் அம்மா என்பார்கள். குடையும் பையுமாக ஊர் ஊராய் நடந்தே தேய்ந்த பெண்கள். ஆங்கில அறிக்கையில் அவர்கள் ஒரு எண்ணிக்கை மட்டும். வேதாகம ஸ்திரீகள் இத்தனை பேர் என்று ஒரு வரி. பேர் போட்டால் ஆபத்து என்று சகோதரி ஆர். பெயரை இன்று மறைக்கிறார்கள். இவர்கள் பெயரை மறைக்க வேண்டிய அவசியமே யாருக்கும் வரவில்லை. எழுதியிருந்தால்தானே மறைப்பதற்கு.

இங்கிருந்து போன கடிதங்கள் எல்லாம் எங்களுக்காக ஜெபியுங்கள் என்று மட்டுமே கேட்டன என்று நினைத்துவிட வேண்டாம். 1858-ல் பஞ்சாபின் லூதியானாவில் இருந்த ஒரு சின்ன மிஷன் உலகத்துக்கே ஒரு வேண்டுகோள் அனுப்பியது. 1860 ஜனவரியில் ஒரு வாரம் எல்லா நாட்டிலும் எல்லாச் சபைகளும் சேர்ந்து ஜெபியுங்கள் என்று. இங்கிலாந்தும் அமெரிக்காவும் அதை எடுத்துக்கொண்டன. வருஷப் பிறப்பையொட்டி நம் சபைகளில் இன்றும் ஜெப வாரம் வைக்கிறார்களே, அந்த வழக்கத்தின் வேரில் லூதியானாவும் உண்டு.

இன்னொரு கதை சென்னையிலிருந்து தொடங்குகிறது. எனக்குப் பிடித்த பகுதி இது. லூசி வாட்டர்பரி என்ற இருபது வயது அமெரிக்கப் பெண், 1881-ல் கல்யாணம் முடிந்த கையோடு கணவர் நார்மனுடன் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். பாப்டிஸ்ட் மிஷன், தெலுங்கு பேசுகிறவர்களிடையே வேலை. ஐந்தே வருஷம். 1886-ல் கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லூசி அமெரிக்காவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பிழைப்புக்குப் பள்ளியில் பாடம் எடுத்தார். ராச்செஸ்டர் நகரத்தில் ஹெலன் பாரெட் மாண்ட்கமரி என்ற பெண்ணோடு ஏற்பட்ட சிநேகம் கடைசி வரை நீண்டது. 1890-ல் இந்த இரண்டு பேரும் பாப்டிஸ்ட் பெண்களை அழைத்தார்கள். வருஷத்தில் ஒரு நாள் எல்லாரும் கூடி, கடல் கடந்து போன மிஷனெரிகளுக்காக ஜெபிப்போம் என்றார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1887-ல், மேரி எலன் ஜேம்ஸ் என்ற பிரஸ்பிட்டேரியன் பெண்மணி உள்நாட்டு ஊழியத்துக்காக அப்படி ஒரு நாளைக் குறித்திருந்தார். 1920-ல் இரண்டும் சேர்ந்தன. 1927-ல் அது உலக ஜெப நாளானது. 1969 முதல் மார்ச் மாத முதல் வெள்ளி.

தூரத்தில் இருக்கும் பெண்ணுக்கு நடுச்சாமத்தில் என்ன தேவைப்படும் என்று லூசிக்கு யாரும் குறிப்பு அனுப்ப வேண்டியிருக்கவில்லை. அவர் இருந்து பார்த்தவர். அதே லூசி பின்னால் மறுமணம் செய்து லூசி பீபாடி என்ற பெயரில் ஹெலனுடன் சேர்ந்து ஆசியப் பெண்கள் கல்லூரிகளுக்காக 1920-களில் அமெரிக்கா முழுக்க நிதி திரட்டினார். மூன்று மில்லியன் டாலர். அதில் ஒரு பங்கு சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரிக்கும், ஐடா ஸ்கடர் 1918-ல் தொடங்கிய வேலூர் பெண்கள் மருத்துவப் பள்ளிக்கும் வந்தது. கணவரைச் சென்னையில் இழந்த பெண் சென்னைக்கு அனுப்பியது அது.

உலக ஜெப நாளுக்கென ஒவ்வொரு வருஷமும் ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனை முறைமையை எழுதுகிறார்கள். 1930-ல் கொரியாவின் ஹெலன் கிம் எழுதினார். 2023-ல் தைவான், 2024-ல் பாலஸ்தீனம், 2025-ல் குக் தீவுகள். அது பல மொழிகளில் பெயர்ந்து, தமிழிலும் சின்னப் புத்தகமாக அச்சாகி, சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கைக்கு வருகிறது. குக் தீவுகள் எங்கே இருக்கிறது என்று அக்கா கேட்டார். போனில் வரைபடத்தைத் திறந்து, நீலத்தில் விரலால் நகர்த்திக்கொண்டே போய், பசிபிக் நடுவில் கடுகு மாதிரி தூவிய புள்ளிகளைக் காட்டினேன். "இவ்வளவு தண்ணிக்கு நடுவுலயா இருக்காங்க" என்றார். ஒரு காலத்தில் இங்கிலாந்துப் பெண்மணி சாத்தூரை இப்படித்தான் தேடியிருப்பார். முன்பெல்லாம் அந்தப் பெண் சாத்தூருக்காக ஜெபித்தாள், சாத்தூர்க்காரி தனக்காக என்ன சொல்ல நினைக்கிறாள் என்று கேட்கவில்லை. இந்தப் புத்தகத்தில் அந்த நாட்டுக்காரிகளே தங்கள் குறையைத் தங்கள் வாயால் எழுதுகிறார்கள்.

தமிழர்கள் மிஷனெரியை வாங்கும் பக்கத்திலிருந்து மிஷனெரியை அனுப்பும் பக்கத்துக்கு மாறியது எப்போது என்றால், யாழ்ப்பாணத்தைச் சொல்ல வேண்டும். அங்கே கிறிஸ்தவ மாணவர்கள் சங்கம் வைத்து, கடல் தாண்டி ராமநாதபுரத்துத் தொண்டிக்கு ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1902-ல் யாழ்ப்பாணம் போன திருநெல்வேலிக்காரர் வே. சா. அசரியா இதைப் பார்த்து வெட்கப்பட்டார். இத்தனை சபை, இத்தனை கோயில் இருக்கும் திருநெல்வேலியிலிருந்து யார் எங்கே போயிருக்கிறோம் என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் தொடங்கிற்று. மறு வருஷம் சாமுவேல் பாக்கியநாதன் நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். கடல் இல்லைதான். ஆனால் பாஷை வேறு, ராஜா வேறு, நாணயமும் வேறு. திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துக்காரருக்கும் மெய்ஞ்ஞானபுரத்துக்காரருக்கும் அது சீமைதான்.

அசரியாவின் மனைவி அன்பு மரியம்மாள் கல்லூரிப் படிப்பு படித்தவர். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் அப்படிப் படித்த முதல் சிலரில் ஒருவர். தோர்ணக்கல்லுக்குக் குடிபோய்த் தெலுங்கு கற்று, அங்கே பெண்களிடையே வேலை செய்தார். 1912 டிசம்பரில் கணவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். வரலாறு அவரைப் பிடித்துக்கொண்டது. அன்பு மறுபடியும் அந்தப் பழைய வால்.

இப்போது கடிதம் தெலுங்கு நாட்டிலிருந்து திருநெல்வேலிக்கு, தமிழிலேயே வந்தது. பணம் எங்கிருந்து? சமையல்கட்டிலிருந்து. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவது. போடும்போது ஊழியத்துக்குப் போனவர்களுக்காக ஒரு வார்த்தை ஜெபம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டினால் அது விற்றுக் காசாகும். பிடி அரிசி என்பது கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்தது இல்லை. ஏழைக்கும் மடத்துக்கும் பிடி அரிசி எடுத்து வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். காஞ்சி மடத்திலும் பிடி அரிசித் திட்டம் உண்டு. மிசோரத்திலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கிறிஸ்தவப் பெண்கள் இதைச் செய்து ஒரு பெரிய திருச்சபையையே தாங்குகிறார்கள். கையில் சொந்தமாக ஒரு ரூபாய் இல்லாத பெண்ணுக்கும் உலை அரிசியில் அதிகாரம் உண்டு. யாரிடமும் கேட்க வேண்டாம். புருஷன் கணக்குக் கேட்க மாட்டான். ஒரு பிடி குறைந்தால் குறைவது அவள் தட்டில்தான்.

அந்தக் கலயத்துக்குள் ஜெபக்குறிப்பு வந்து சேர்ந்த பிறகு, அதைப் புரிந்துகொள்ள எழுத்துக்கூட தேவைப்படவில்லை. ஞாயிறன்று உபதேசியார் வாசிப்பார். தோர்ணக்கல்லில் மலைக்காய்ச்சல் என்று காதில் விழுந்தால் திங்கட்கிழமை உலை அரிசியில் அது இருக்கும்.

கத்தோலிக்கர்கள் பக்கம் இந்தக் கதை வேறு பாதையில் போனது. அவர்கள் செபம் என்று எழுதுவார்கள், இவர்கள் ஜெபம். ஒரே வடசொல், வேறு வேறு எழுத்து. ஹெலன் தெ ஷப்போத்தான் என்ற பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி 1865-ல் மதுரை மிஷனுக்கு வந்தார். சபைக்குள் ஏற்பட்ட ஒரு பெரிய பிளவுக்குப் பிறகு, கூட இருந்த சகோதரிகளோடு ஊட்டிக்குப் போய், 1877-ல் மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்பு சகோதரிகள் சபையை உருவாக்கினார். உலகம் முழுக்கப் பெண் மிஷனெரிகளை அனுப்பிய அந்தச் சபையின் தொட்டில் நீலகிரி. 1900 ஜூலையில் சீனாவின் தையுவானில் கொல்லப்பட்டவர்களில் அந்தச் சபையின் ஏழு சகோதரிகள் இருந்தார்கள். மடத்தை விட்டு வெளியே போகாமலேயே மிஷனெரிகளுக்காக வேண்டி இருபத்து நான்கு வயதில் இறந்த லிசியேவின் தெரேசாளை, 1927-ல் மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலியாக ரோம் அறிவித்தது. சாரா டக்கருக்கு அவர் ஒரு விதத்தில் தங்கை முறை என்று எனக்குத் தோன்றும். இரண்டு பேரும் அதை ஒத்துக்கொண்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

இன்று தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கன்னியாஸ்திரிகள் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறார்கள். இத்தாலியில் முதியோர் இல்லத்தில் வெள்ளைக்காரக் கிழவிக்குச் சோறூட்டும் சகோதரி ஒருவரின் அம்மா இங்கே பீடி சுற்றிக்கொண்டோ தீப்பெட்டி ஒட்டிக்கொண்டோ இருக்கலாம். புராட்டஸ்டண்டு சபைகளிலிருந்தும் நர்சாகவும் டீச்சராகவும் போய், அந்த வேலையோடு ஊழியத்தையும் வைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் உண்டு. அவர்கள் போகும் நாடுகளில் சிலவற்றில் மதம் பேசுவது குற்றம். நாடு கடத்துவார்கள், சிறையும் உண்டு. ஆகவே குறிப்பில் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்குகிறது. நாடு 'ஒரு பக்கம்' ஆகிறது. படம் அனுப்பினால் முகத்தை மறைத்து அனுப்புகிறார்கள். வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம், வாசித்ததும் அழித்துவிடுங்கள் என்று கடைசியில் ஒரு வரி.

சாரா டக்கர் செய்ததற்கு இது நேர் எதிர். ஊர்ப்பெயரும் ஆள் பெயரும் இருந்தால்தான் மனம் ஒட்டும் என்பது அவர் கண்டது. இங்கே இரண்டும் இல்லை. அப்புறம் எது ஒட்டுகிறது என்று நான் அக்காவிடமே கேட்டேன். உடனே பதில் வரவில்லை. பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"முதுகுவலினு போட்டிருந்துச்சுல்ல" என்றார் பிறகு. "நாளெல்லாம் மிஷின்ல உக்கார்றவளுக்கு அது தெரியாதா? மத்ததெல்லாம் கர்த்தர் பாத்துக்கிடுவாரு. விசா கிசாவெல்லாம் எனக்கு என்ன தெரியும். முதுகுக்கு நான் நல்லா ஜெபம் பண்ணுவேன்."

சூயஸ் வழியாக ஒன்றரை மாதம் போன குறிப்பு இப்போது ஒரு நொடியில் வருகிறது. யாரும் செத்தவருக்காகச் சுகம் கேட்டு மன்றாட வேண்டிய நிலை இல்லை. ஆனால் நொடியில் வந்தது நொடியில் கீழே போய்விடுகிறது. பிறந்தநாள் வாழ்த்து, காலை வணக்க ரோஜாப்பூ, பழைய துணி வாங்குகிறவர்களின் விளம்பரம் எல்லாம் அதன் மேல் வந்து விழும். அதனால் அக்கா ஒரு வழி வைத்திருக்கிறார். நைட்டி அட்டையின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில் பென்சிலால் 'ஆர், முதுகு' என்று எழுதி மிஷினின் தலைப்பகுதியில் ஊசிப் பெட்டிக்குக் கீழே செருகி வைக்கிறார். போனில் இருப்பதை அழித்துவிடுகிறார், சொன்னபடியே.

போன வாரம் போனபோது அந்த அட்டையில் ஆர் அடித்திருந்தது. சுகமாகிவிட்டதா, ஊருக்குத் திரும்பிவிட்டாளா, வேறு ஏதாவதா என்று கேட்டேன். தனக்கும் தெரியாது, புதுக் குறிப்பில் ஆர் வரவில்லை என்றார். அடித்த எழுத்துக்குக் கீழே எம் என்று புதிதாக எழுதியிருந்தது. பக்கத்தில், பல்வலி.